அப்பாவின் போனைத் திறந்த நாள்

எய்யா செல்வம்,

நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நேற்றுக் காலை வீட்டுக்காரர் மனைவி கோமதி மதினி நம் வாசலுக்கு வந்தார்கள். நான் அடுப்பில் உளுந்தங்களி கிண்டிக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தால், "தையில காலி பண்ணுதியளாமே, இப்பமே வெள்ளையடிக்க ஆள் சொல்லிரவா?" என்று கேட்கிறார்கள். யார் சொன்னது என்றேன். "உன் மகன்தான் எங்க வீட்டுக்காரவியளுக்குப் போன் போட்டானாம். கோயம்புத்தூர்ல ரெண்டு ரூம் வச்ச வீடு பாத்துட்டானாம்லா, கல்யாணம் முடிஞ்ச கையோட உங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறானாம். குடுத்து வச்சவ நீ." எனக்குச் சிரிக்கத்தான் முடிந்தது. களி அடிப்பிடித்த வாடை வந்ததைச் சாக்காக வைத்து உள்ளே வந்துவிட்டேன். உன் அப்பா கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மதினி போன பிறகு தண்ணீர் கேட்டார், குடித்தார். தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, "கோயம்புத்தூர்ல எந்த மாசம் மழை, ஏட்டி?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

நீ நல்லதை நினைத்துத்தான் செய்தாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கண் தெரியாத அப்பாவையும் முழங்கால் வலியோடு அவரைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவையும் இங்கே விட்டுவிட்டு அங்கே நீ நிம்மதியாகச் சாப்பிட மாட்டாய். அப்படிப்பட்ட பிள்ளையைக் கொடுத்ததற்கு நான் அம்மனுக்கு வெள்ளிக்கிழமைதோறும் விளக்குப் போடுகிறேன். ஆனால் வருகிறோமா, வரவில்லையா என்பதை இந்தக் கடிதத்தில் நான் எழுதப் போவதில்லை. எழுத வந்தது வேறு. புரட்டாசியில் நீயும் நானும் சேர்ந்து உன் அப்பாவின் போனில் கை வைத்தோமே, அன்றைக்கு நடந்ததை ஒரு தடவை கோர்வையாக எழுதிப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. நீ திரையில் பாதியைத்தான் பார்த்தாய். மீதி என் பக்கத்தில் நடந்தது.

இதை உனக்கு மட்டும் இல்லாமல் எல்லோரும் வாசிக்கும்படியே எழுதுகிறேன். நம் தெருவில் பாதி வீட்டுப் பிள்ளைகள் வெளியூரில்தான் இருக்கிறார்கள், பெற்றவர்களுக்கு வேண்டியதையெல்லாம் போனிலேயே முடிவு செய்து போனிலேயே அனுப்பி வைக்கிறார்கள். எழுதலாமா என்று உன் அப்பாவிடம் கேட்டேன். "எழுது. என் சுகர் எவ்வளவுன்னு மட்டும் எழுதிராத. பெறகு ஒருத்தனும் எனக்குக் கருப்பட்டிக் காப்பி தர மாட்டான்" என்றார். அதனால் அதை எழுதவில்லை.

உன் அப்பா பருத்திக் கமிஷன் கடையில் தரம் பார்த்தவர். தாடு என்கிற பெரிய பஞ்சு மூட்டைக்குள் கையை விட்டு ஒரு சிட்டிகைப் பஞ்சைக் கிள்ளி, இரண்டு கைக்கும் நடுவே மெல்ல இழுத்து, இழை நீளத்தைச் சொல்லிவிடுவார். சர்க்கரை கண்ணில் இறங்கி, மதுரைக்கு அலைந்து லேசர் ஒளி வைத்துப் பார்த்தும் பயன் இல்லாமல், வெளிச்சம் இருட்டு மட்டும் தெரியும் என்று ஆன பிறகு அவருக்கு மிஞ்சியவை விரலும் காதும். அப்போதுதான் நீ உன் பழைய போனைக் கொடுத்தாய். திரைக்குக் கீழே நடுவில் மேடாக ஒரு பொத்தான் வைத்த போன். தொடுகிற இடத்தில் என்ன இருக்கிறது என்று அது தமிழில் வாசித்துச் சொல்லும்படி நீதான் செய்து கொடுத்தாய். வழி தவறினால் அந்தப் பொத்தானை அமுக்கி முதல் இடத்துக்கு வந்துவிடுவார். எந்தச் சந்துக்குள் போனாலும் தெருமுனைக்குத் திரும்பி வந்துவிடலாம் என்கிற தைரியம் அவருக்கு அந்தப் பொத்தானால் வந்தது.

அந்தப் போனில் அவர் என்ன செய்தார் என்று உனக்கு முழுக்கத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். மழை விசாரித்தார். நம் கரிசலில் மழை பெய்கிற விதம் உனக்கே தெரியும். ஒரு ஊரில் ஓடை நிரம்பும், பக்கத்து ஊரில் புழுதி பறக்கும். ஆவணி பிறந்துவிட்டால் இவர் இடைசெவல் சண்முகையா அண்ணாச்சியைக் கூப்பிடுவார், பிறகு ஓட்டப்பிடாரத்தில் ஒருவர், மணியாச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர். எங்கே பெய்தது, எத்தனை உழவுக்கு அந்த ஈரம் காணும், எந்தப் பக்கம் மேகம் நகர்கிறது என்று எல்லாவற்றையும் கேட்டு மனசில் வைத்துக்கொள்வார். விதைப்புக்குக் காத்திருக்கிறவர்கள் இவருக்குப் போன் போட்டு, "அண்ணாச்சி, கிழக்க பேஞ்சிருக்கா? உளுந்தப் போட்டுரலாமா?" என்று கேட்பார்கள். கண் இருந்தபோது கடையில் கிடைத்த மரியாதை, கண் போன பிறகு அந்தப் போன் வழியாக அவருக்கு வந்துகொண்டிருந்தது. பதில் சொல்லும்போது முதுகை நிமிர்த்தி உட்காருவார்.

நீ சித்திரையில் வந்தபோது புதுப் போன் வாங்கி வந்தாய். பெரிய திரை, நல்ல போன். ஆனால் அதில் பொத்தான் இல்லை, விரலுக்குக் கண்ணாடி மட்டும்தான். ஓரத்திலிருந்து தள்ளினால் ஒன்று நடக்கிறது, நடுவிலிருந்து தள்ளினால் வேறொன்று நடக்கிறது. ஒரு மத்தியானம் சண்முகையா அண்ணாச்சியைக் கூப்பிடப் போய், இடுப்பில் துண்டோடு இருந்தவர், உனக்குப் பேசி முடித்த பெண் வீட்டாருக்கு வீடியோ கால் போட்டுவிட்டார். சம்பந்தியம்மா "வணக்கம் அண்ணாச்சி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம். நான் ஓடி வந்து பிடுங்கினேன். அன்று சாயங்காலம் அவர் அந்தப் போனை ஒரு துணியில் சுற்றி என்னிடம் கொடுத்து, "இத நீயே வச்சுக்க. இதுக்கு மேடு பள்ளம் ஒண்ணுமில்ல, எனக்கு நடக்க வரல" என்றார். உன் மனசு வருத்தப்படும் என்று உன்னிடம் அப்போது நான் சொல்லவில்லை.

பிறகு பழைய போனும் திணற ஆரம்பித்தது. வாசித்துக்கொண்டே இருக்கும், பாதி வார்த்தையில் நின்றுவிடும். அணைத்து எழுப்பினால் கொஞ்ச நேரம் ஓடும். மணியாச்சிக்காரர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு நாள் அணைந்துபோய், அவர் என்னவோ ஏதோ என்று பதறி என் எண்ணுக்குக் கூப்பிட்டார். நான் உன்னிடம் சொன்னேன். நீ என்னைப் போனில் சில இடங்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டு, உள்ளே இடமே இல்லை என்றாய். கிரிக்கெட்டு, கடை, விளையாட்டு என்று கம்பெனிக்காரன் வைத்து அனுப்பியவையே பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. அழிக்கப் பார்த்தால் அனுமதி இல்லை என்றது. மெமரி கார்டில் தாராளமாக இடம் கிடந்தது, தமிழ்க் குரலை அங்கே மாற்றலாம் என்றால் அதற்கும் அனுமதி இல்லை. நம் காசு போட்டு வாங்கிய போனில் நமக்கு எப்படியப்பா அனுமதி இல்லாமல் போகும் என்று கேட்டேன். "வாடகை வீடு மாதிரிதாம்மா. குடியிருக்கலாம், ஆணி அடிக்கக் கூடாது. ரூட் எடுத்துட்டா வீடு நம்மது, எந்தச் செவத்த வேணாலும் இடிக்கலாம்" என்றாய். போனுக்குள் எல்லா அதிகாரமும் உள்ள ஒரு ஆள் இருக்கிறான், அவன் பெயர் ரூட், அவனுடைய அதிகாரத்தை நாம் வாங்க வேண்டும், அதற்கு வீட்டில் கிடக்கும் உன் பழைய லேப்டாப்பில் போனை வயரால் இணைத்து, கறுப்புத் திரையைத் திறந்து கட்டளைகளை டைப் அடிக்க வேண்டும் என்று நீ சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது.

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். இங்கிலீஷ் எழுத்தை உன் பள்ளிக்கூடப் புத்தகத்திலும் மருந்து அட்டையிலும் பார்த்துப் பார்த்துப் பழகினேன். ஆனாலும் எனக்குப் பயம் வரவில்லை. மாதக் கணக்கைக் கூட்டினால் மேலிருந்து ஒரு தடவை, கீழிருந்து ஒரு தடவை கூட்டிப் பார்க்கிறவளுக்கு இதுவும் அதே மாதிரி வேலைதான். நீ புதுப் போனில் வீடியோவில் இருந்தாய், அதை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்தேன். நீ சொல்லச் சொல்ல ஒவ்வொரு எழுத்தாக அடித்து, இடைவெளியைக்கூட விடாமல் உன்னிடம் திருப்பி வாசித்துவிட்டுத்தான் என்டர் தட்டினேன். போனின் செட்டிங்ஸுக்குள் போய் ஒரே வரியைத் திரும்பத் திரும்பத் தட்டச் சொன்னாயே, தட்டியதும் நீங்கள் இப்போது டெவலப்பர் ஆகிவிட்டீர்கள் என்று போன் சொன்னது. அன்று கோமதி மதினியிடம் நான் டெவலப்பர் ஆகிவிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நிலம் வாங்கி விற்கிற வேலை என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

முதல் கட்டளையிலேயே தடை வந்தது உனக்கு நினைவிருக்கும். ஏடிபி டிவைசஸ் என்று அடித்தால், இணைத்திருக்கிற போனின் எண் கீழே வர வேண்டும். தலைப்பு மட்டும் வந்தது, அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. நீ வயர் சரியில்லை என்றாய். சில வயர் கரண்டை மட்டும் கடத்தும், தகவலைக் கடத்தாது என்றாய். பஜாருக்குப் போய் வேறு வயர் வாங்கி வந்தேன், அதுவும் அப்படித்தான். சார்ஜ் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் போனின் அடிவாயை வெளிச்சத்தில் காட்டச் சொன்னாய். காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "எம்மா, உள்ள என்ன மஞ்சளா இருக்கு?" என்று கேட்டாய்.

சந்தனம். ஆயுத பூஜைக்கு அரிவாள்மணை, தையல் மிஷின், மிக்சி, லேப்டாப் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பவள், அப்பாவைத் தாங்குகிற அந்தப் போனை விடுவேனா? திரையில் வைத்தால் அவர் விரல் பட்டு அழிந்துவிடும் என்று ஒவ்வொரு வருஷமும் கீழே சார்ஜ் குத்துகிற இடத்தை ஒட்டி வைத்தேன். அது உள்ளே இறங்கிக் காய்ந்து கல்லாகிவிட்டது. கரண்டு போகிற ஊசிகள் ஓரத்தில் இருந்தனவாம், அவை தப்பித்தன. தகவல் போகிற ஊசிகள் நடுவில் இருந்தனவாம், அவற்றின் மேல்தான் என் சந்தனம். "ஏம்மா, அபிஷேகமே பண்ணிருக்கியே" என்று நீ சிரித்த சிரிப்பில் உன் ஆபீஸ்காரர்கள் திரும்பிப் பார்த்ததை நானும் திரையில் பார்த்தேன். போனை அணைத்து, வேப்பங்குச்சியைச் சீவி, துளித்துளியாகச் சுரண்டி எடுத்தேன். வருகிற வருஷம் போனின் உறைக்குத்தான் பொட்டு.

சுரண்டி முடித்து, போனை எழுப்பி வயரைக் குத்தியதும் பட்டியலில் எண் வந்துவிட்டது. அதோடு கூடவே போன் சத்தமாக, இந்தக் கணினியை அனுமதிக்கவா என்று கேட்டது. பக்கத்து அறையிலிருந்து உன் அப்பா, "யாரு என்ன கேக்கா?" என்றார். நான், "ஒண்ணுமில்ல, சார்ஜ் போட்டுருக்கேன்" என்று சொல்லிவிட்டு அனுமதி என்பதைத் தொட்டேன். நீயும் கேட்டுக்கொண்டிருந்தாய், நீயும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாம் சரியான பிறகு அவர் கையில் கொடுத்துச் சந்தோஷப்படுத்தலாம் என்று நாம் இரண்டு பேரும் பேசி வைத்திருந்தோம். அந்தப் போனை நம்பி இருக்கிற மனிதர் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறார், இந்தப் பக்கம் அவருக்காக நான் அனுமதி கொடுக்கிறேன். அப்போது எனக்கு அது தவறாகப் படவே இல்லை.

அடுத்த கட்டளையில் போன் அணைந்து, வேறு மாதிரி எழுந்தது. படம் இல்லை, குரல் இல்லை, சின்னச் சின்ன எழுத்து மட்டும். கம்பெனிக்காரன் போட்டிருக்கிற பூட்டைத் திறக்கும் கட்டளையை நீ சொன்னாய், நான் அடித்தேன். போன் திரையில் ஒரு எச்சரிக்கை வந்தது. எழுத்துக்கூட்டி வாசித்தேன். பூட்டைத் திறந்தால் இந்தப் போனில் இருக்கிற உங்களுடையது எல்லாம் அழிந்துவிடும், சரி என்றால் சத்தம் கூட்டும் பொத்தானை அமுக்கவும் என்று இருந்தது. உன்னிடம் சொன்னேன். "அது அப்படித்தாம்மா வரும். நம்பரெல்லாம் சிம்லதான் இருக்கு. நீ அமுக்கு" என்றாய். என் பெருவிரல் பொத்தானில்தான் இருந்தது. எல்லாம் என்று போட்டிருக்கிறதே என்று ஒரு யோசனை. அந்த யோசனையில் நின்ற நேரத்தில் உன் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"போன் ஏன் ஊமையாக் கெடக்கு?" என்று கேட்டார். சார்ஜ் என்று நான் மறுபடியும் ஆரம்பித்தேன். "சார்ஜ் போட்டா அது சொல்லும். அணைச்சா அதையும் சொல்லிட்டுத்தான் அணையும். இப்பம் ரெண்டும் இல்லாம பேச்சு நின்னுருக்கு. என்ன செய்யுதிய ரெண்டு பேரும்?" என்றார்.

அரிசி டப்பாவிலிருந்து நீ, "எப்பா, உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு" என்றாய்.

"ஏலே, கண்ணு தெரியாதவனுக்கு எல்லாமே சர்ப்ரைஸ்தாம்ல. புதுசா ஒண்ணு வேண்டாம்" என்றார்.

பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அழியும் என்றால் என்னென்ன அழியும் என்று கேட்டார். நீ, நம்பர் அழியாது என்றாய். "மழை?" என்று கேட்டார். உனக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. அவரே சொன்னார். மழை பெய்தால் சண்முகையா அண்ணாச்சி போனை வெளியே நீட்டி, மழைச் சத்தத்தைப் பதிவு செய்து இவருக்கு அனுப்புவாராம். ஓட்டப்பிடாரத்துக்காரரும் மணியாச்சிக்காரரும் அப்படியே செய்வார்களாம். வாயால் பெய்தது என்று சொன்னால் இவர் நம்ப மாட்டார், சத்தத்தை அனுப்பு என்பாராம். முதலில் கேலிக்கு ஆரம்பித்தது, பிறகு வழக்கமாகிவிட்டது. எல்லா மழையும் அந்தப் போனில்தான் இருக்கிறது, தூக்கம் வராதபோது போட்டுக் கேட்பேன் என்றார். கூடவே படுத்திருக்கிற எனக்கே அது தெரியாது. காதில் வயரை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

அவர், "கேட்டிருந்தா சொல்லிருப்பேன்லா" என்றார். அவ்வளவுதான் சொன்னார், சத்தம்கூட உயர்த்தவில்லை. அதை நீ திரையில் எப்படிக் கேட்டாயோ தெரியாது, என் விரல் மட்டும் பொத்தானிலிருந்து தானாக விலகிவிட்டது.

அழியாமல் எடுத்து வைக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றாய். முதலிலேயே செய்திருக்க வேண்டியது, அவசரத்தில் விட்டுவிட்டேன் என்று நீ ஒப்புக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது. இதில் என்ன ஆபத்து என்று கேட்டார். சில சமயம் போன் எழும்பாமலே போய்விடும் என்று மறைக்காமல் சொன்னாய். அவர் எழுந்து போய், முற்றத்துக் கொடியைப் பிடித்துக்கொண்டு மோர் கேட்டார். குடித்துவிட்டு வந்து, "மழைய எடுத்து வச்சுட்டுக் கட்டளையப் போடுங்க. அமுக்குறத நான் அமுக்குதேன். போனாலும் என் கையால போகட்டும்" என்றார்.

போனைப் பழையபடி எழுப்பி, கோப்புகளை லேப்டாப்புக்கு இழுக்கிற கட்டளையை அடித்தோம். பெயர்கள் வரிசையாக ஓடின. எல்லாம் வந்து சேர்ந்ததா என்று அவர் கேட்டதால் ஒன்றிரண்டைப் போட்டுக் காட்டினேன். முதலாவது தடதடவென்று இருந்தது. "இது இடைசெவல். தகரம். சண்முகையா மாட்டுக் கொட்டாய்" என்றார். அடுத்ததில் மழைக்குள்ளிருந்து ரயில் ஊதியது, அதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் கண் நிறைந்துவிட்டது. அவர் என்னவோ கடையில் தாடு தாடாகத் தரம் பார்க்கிற மாதிரி, "ம், அடுத்தது போடு" என்றார்.

மறுபடியும் அந்த எச்சரிக்கைக்கு வந்தோம். போன் பேசாது என்பதால் நான் ஒவ்வொரு வரியையும் அவருக்குத் தமிழில் வாசித்துச் சொன்னேன். எல்லாம் அழியும் என்ற வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு ஓரத்துப் பொத்தானைத் தடவிக் கண்டுபிடித்து அமுக்கினார். திரை கறுத்தது. கம்பெனிப் பெயர் வந்து அப்படியே நின்றது. நீ அந்தப் பக்கம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாய். நான் அம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்தேன். அவர் நடுப் பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு தடவை, "வெளிச்சம் வருதா?" என்று கேட்டார். வந்தது. வரவேற்புத் திரையில் இரண்டு விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் குரல் வரும் என்று நீ சொல்லிக்கொடுத்தபடி வைத்தார். குரல் வந்தது, இங்கிலீஷில். "வெள்ளக்காரன் வந்துட்டான். ஏட்டி, காப்பி போடு" என்றார். நாம் மூன்று பேரும் சிரித்தது அடுத்த வீடுவரை கேட்டிருக்கும்.

மறுநாள் மீதி வேலையை முடித்தோம். இந்தத் தடவை அவர் என் பக்கத்திலேயே இருந்தார், ஒவ்வொரு கட்டளையும் என்ன செய்யும் என்று கேட்ட பிறகுதான் என்டர் தட்டவிட்டார். கடைசியில் இரண்டே எழுத்தை அடித்தபோது, வரி முனையில் இருந்த டாலர் குறி போய், குறுக்கும் நெடுக்கும் கோடு போட்ட ஹாஷ் குறி வர வேண்டும், வந்தால் ரூட் கிடைத்துவிட்டது என்று அர்த்தம் என்றாய். குறி உடனே மாறவில்லை. அதற்கு முன்னால் போன் பேசியது. இந்தச் செயலி முழு அதிகாரம் கேட்கிறது, அனுமதிக்கவா, மறுக்கவா என்று அவரிடம் கேட்டது. அவர் அனுமதியைத் தொட்டார், பிறகுதான் என் திரையில் ஹாஷ் வந்தது. எப்போதும் அனுமதி என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் குறி போட்டுவிட்டால் இனிமேல் கேட்காது என்றாய். வேண்டாம் என்றார். ஒவ்வொரு தடவையும் கேட்டால் தொந்தரவாக இருக்குமே என்றாய். "கேக்கது எனக்குத் தொந்தரவு இல்லல்லா. கேக்கட்டும்" என்றார்.

கம்பெனிக்காரன் வைத்த கிரிக்கெட்டும் கடையும் போயின. தமிழ்க் குரல் மெமரி கார்டுக்குக் குடி மாறியது. மழை எல்லாம் பழையபடி போனுக்கு வந்து சேர்ந்தது. முதல் அழைப்பு உனக்குத்தான் வரும் என்று நீ காத்திருந்திருப்பாய், நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் இடைசெவலைக் கூப்பிட்டார். "என்னவே, ரெண்டு நாளா ஆளக் காணமேன்னு தேடுனீரா இல்லையா?" என்று ஆரம்பித்தவர், மேகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில் இறங்கி, யாருடைய புஞ்சையில் ஈரம் எவ்வளவு என்று சண்டை போட்டு, என்னை அடியோடு மறந்துவிட்டார். நான் பாத்திரம் கழுவப் போனேன். அன்றைக்குக் கழுவிய மாதிரி சந்தோஷமாக நான் பாத்திரம் கழுவியதில்லை.

எய்யா, இவ்வளவையும் எழுதியது எதற்கு என்று உனக்கே விளங்கியிருக்கும். நீ கெட்டிக்காரன். எங்களுக்கு என்ன வேண்டும் என்று பாதி நேரம் எங்களைவிட உனக்கு நன்றாகத் தெரியும். பழைய போனில் இடம் இல்லை என்பதைக் கண்டுபிடித்தது நீதானே. ஆனால் அதில் மழை இருந்தது உனக்கும் தெரியாது, பக்கத்தில் படுக்கிற எனக்கும் தெரியாது. கோயம்புத்தூருக்கு வந்தால் அவருக்குள் என்னென்ன அழியும், எதையெதை எடுத்து வைத்துக்கொண்டு வரலாம் என்பதும் அப்படித்தான். அவர் ஒருவருக்குத்தான் தெரியும். வர மாட்டேன் என்பார் என்று நான் சொல்லவில்லை. நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது, உன் பக்கத்தில் இருக்கலாம் என்று சந்தோஷமாகவே கிளம்பினாலும் கிளம்புவார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் இதில் அவர் என்ன சொல்வார் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

இன்னொருத்தி இருக்கிறாள். தையில் உன் கையைப் பிடித்துக்கொண்டு வரப்போகிறவள். அவள் போனின் பூட்டு எண் உனக்குத் தெரியும் என்று ஒரு நாள் பெருமையாகச் சொன்னாய். அவளாகச் சொன்னாளா, நீ கேட்டதால் சொன்னாளா? நான் குறை சொல்லவில்லை, யோசித்துப் பார் என்கிறேன். அந்த இரண்டு அறை வீட்டில் ஒரு அறை மாமனார் மாமியாருக்கு என்று அவளுக்குத் தெரியுமா? தெரியும் என்றால் மகிழ்ச்சி. வீட்டுக்காரர் மனைவி வாய் வழியாகத் தெரிந்துகொண்டவர்கள் பட்டியலில் அவளைச் சேர்த்துவிடாதே. முழங்கால் வலிக்கு வைத்தியம், வீட்டுக் கணக்கு, கோயில் கட்டளை என்று எனக்காகவும் நீ முடிவு எடுக்க வேண்டிய நாள் வரும். அன்றைக்கு எனக்கு விளங்குமோ விளங்காதோ, சும்மாவாவது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்.

கோமதி மதினியிடம், வெள்ளையடிக்க ஆள் இப்போது சொல்ல வேண்டாம், இன்னும் பேசி முடிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அதற்காக நீ சங்கடப்படாதே.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அப்பாவுக்குப் போன் போடு. என் எண்ணுக்குப் போட்டு, அப்பாகிட்ட குடும்மா என்று கேட்காதே, அவர் எண்ணுக்கே போடு. சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு போடு, அப்போது நான் கோயிலுக்குப் போயிருப்பேன். அந்தப் போன் முதலில் உன் பெயரைச் சொல்லும். அவர் அதைக் கேட்டுவிட்டு, கட்டிலில் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று தடவுவார். தலையணைக்கு அடியில் பார்ப்பார். கையில் எடுத்த பிறகும் சரியான இடத்தைத் தொட நேரமாகும். மணி அடித்துக்கொண்டே இருக்கிறதே, எடுக்கவில்லையே என்று அவசரப்பட்டு வைத்துவிட்டு எனக்குப் போட்டுவிடாதே. காத்திரு. எடுப்பார்.

உன் அம்மா